மூன்று நாற்காலி தள்ளி உட்காரவும்

அன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே நான், என் மகன், தங்கள் மகள் மூவரும் உடல்நலத்துடன் இருக்கிறோம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் தங்கள் வீட்டு மாடிப்படியும் ஒருவரோடு ஒருவர் சமாதானமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சென்ற மாதம் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. "தனி ஆளுக்கு என்ன பெரிய சமையல், ஒரு வேளை ரொட்டி, ஒரு வேளை கஞ்சி, பொழுது போய்விடுகிறது" என்று அதில் எழுதியிருந்ததைத் தங்கள் மகள் இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தாள். "அப்பா இங்கயே வந்து இருக்கலாம்ல" என்று அவள் கேட்பதும், "சும்மா வந்து உட்கார்ந்து சாப்பிட எனக்கு இன்னும் வயசாகல" என்று தாங்கள் சொல்வதும், சம்பந்தியம்மா காலமானதிலிருந்து இரண்டு வருடமாக நடந்து வருகிற வழக்கு. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் நான் தலையிட மாட்டேன். தலையிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரக் கடைசியில் தங்கள் மகள் தங்களுக்கு ஃபோன் செய்வாள். அவள் சொல்வதற்கு முன்னால் என் வாயாலேயே தாங்கள் கேட்டுவிடுவது நல்லது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் விரும்பவில்லை. விரும்பினாலும் முடியாது, ஏனென்றால் இருபது பேர் பார்த்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் கடித்தும் பார்த்துவிட்டார்கள். தாங்கள் எனக்குச் செய்ய வேண்டிய உதவி ஒன்றே ஒன்றுதான். அவளுடைய பட்டறையில் நான் உட்காரும் நாற்காலியை என்னிடமிருந்து எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று, பெற்ற அப்பா என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் "சரி மாமா" என்பாள், அது கேட்டதாக ஆகாது.

பட்டறையைத் தாங்கள் ஒரே ஒரு முறை, திறப்பு விழா அன்று, கூட்டத்தில் பார்த்திருக்கிறீர்கள். பல்செட்டுச் செய்யும் இடம் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு அடுப்பு, மெருகு போடும் ஒரு இயந்திரம், சுவர் நிறையத் தட்டுகள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இங்கே அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி ஈறு மாதிரியே வார்த்து, அதன் மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாகப் பதித்து, பிறகு சுட்டு, தேய்த்து, பளபளவென்று ஆக்கி அனுப்புவார்கள். ஒரு வாய்க்கு ஒரு தட்டு. தட்டில் பெயர் எழுதக் கூடாது, அது நோயாளியின் அந்தரங்கம் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், தட்டின் நெற்றியில் ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும். அந்த எண் யாருடையது என்று சொல்வது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு அட்டவணை. அதைச் செய்து கொடுத்தவர் தங்கள் இளைய மகன். அந்தப் பிள்ளையின் அறிவைப் பற்றி நான் குறையாக ஒரு சொல் சொல்ல மாட்டேன், பின்னால் இரண்டு சொல் சொல்வேன், அதற்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியில் பெயர், டாக்டர், மேல் தாடையா கீழ்த் தாடையா, பல்லின் நிறம் என்று கட்டம் கட்டமாக நான் தட்ட வேண்டும். முதல் கட்டமாகிய எண்ணை மட்டும் நான் தொட வேண்டாம். அந்த நெடுவரிசை தன்னைத் தானே நிரப்பிக்கொள்ளும். கடைசியாக வந்தவர் நாற்பது என்றால் அடுத்தவருக்கு அதுவாகவே நாற்பத்தொன்று போடும். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டு ஜன்னலில் எத்தனை கம்பி என்று எண்ணி முடித்து, சமையலறையில் "இந்த டப்பாவை ஏன் இங்க வெச்சிருக்கே" என்று கேட்கும் நிலைக்கு நான் வந்திருந்தபோது, "மாமா, இந்த வேலையை நீங்க பார்த்துக்குங்களேன், எனக்குக் கை ஒழியல" என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள் தங்கள் மகள். மறுநாள் நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். சந்தோஷம், சம்பந்தி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

எட்டு மாதம் எந்தக் குறையும் இல்லாமல் போயிற்று. போன மாதம் ஒரு நாள், பழைய வரிகளைச் சும்மா மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 116 இருந்தது. 117 இருந்தது. அடுத்தது 119. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் 119தான். 118 என்று ஒரு ஆளே இல்லை. தாங்கள் பேருந்துக் கழகத்தில் நேரம் குறித்துக் கொடுத்தவர். ஒன்பது மணி வண்டியும் பத்து மணி வண்டியும் வந்து, ஒன்பதரை வண்டி வராமலே போனால் தங்களுக்கு எப்படி இருக்கும்? நான் முப்பத்தாறு வருடம் ஆவண அறையில் எண்களைக் காத்தவன். அங்கே ஒரு எண் விட்டுப் போயிற்று என்றால் ஒரு கோப்பைக் காணோம் என்று அர்த்தம், கோப்பைக் காணோம் என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றால் முதலில் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டியவன் நான் என்று அர்த்தம். ஒரு முறை 77 காணாமல் போய், பிரிவே மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் தேடி, கடைசியில் அது மேலதிகாரியின் டீ கெட்டிலுக்கு அடியில் சூடு தாங்க வைத்திருந்தது தெரிந்தது. அப்படிப்பட்டவனுக்கு 118 இல்லை என்றால் சோறு இறங்குமா?

விசாரணையை ஆரம்பித்தேன். மெழுகு வேலை செய்யும் அம்மாவை எல்லாரும் மெழுகக்கா என்பார்கள். அவரிடம் போய்ச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பது போல, "118ஐப் பார்த்தீங்களா?" என்றேன்.

"யாரு அது?"

"அதுதான் கேக்கறேன், யாருன்னு."

"ஐயா, எனக்கு மெழுகு உருகிட்டிருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா நான் மெழுகை எடுத்துட்டுப் போவேன், நம்பரையா எடுத்துட்டுப் போவேன்?" என்று சத்தம் போட்டார். அடுத்து, தட்டுகளை டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பவரைக் கேட்டேன். ஐம்பது வயது மனிதர், எங்கே போனாலும் ஆடி அசைந்துதான் போவார் என்பதால் பட்டறையில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அவர் நீண்ட நேரம் யோசித்து, "சார், அன்னிக்கு நான் லீவு" என்றார். என்றைக்கு என்று நான் சொல்லவே இல்லை. அந்தச் சந்தேகம் எனக்கு ஒரு வாரம் இருந்தது. அதற்குள் இன்னும் இரண்டு கிடைத்தன, 231, 302. ஆக மொத்தம் மூன்று எண்கள் மாயம்.

வேறு வழியில்லாமல் தங்கள் இளைய மகனுக்கு ஃபோன் போட்டேன். அவர் பதறவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அது ஒண்ணும் இல்ல மாமா. நீங்க ஒரு வரியைச் சேமிக்கப் போகும்போதே அது நம்பரை எடுத்து வெச்சுக்கும். பல்லோட நிறம் போட மறந்துட்டீங்க, அது சேமிக்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிடுச்சுன்னு வைங்க. எடுத்த நம்பர் எடுத்ததுதான். அடுத்த தடவை புது நம்பர்தான் வரும்."

"அப்போ அந்த நம்பர்?"

"செலவாயிடுச்சு."

"யாருக்குச் செலவாச்சு தம்பி?"

"யாருக்கும் இல்ல மாமா. நம்பருக்கு ஒரே ஒரு வேலைதான். ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்காம இருக்கணும். வரிசையா இருக்கணும்னு அதுக்குக் கட்டாயம் கிடையாது. ஓட்டை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நீங்க அதைத் தொடாதீங்க."

இருந்துட்டுப் போகட்டுமாம். சம்பந்தி, தங்களைக் குறை சொல்லவில்லை, தாங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். ஆனால் ஓட்டை இருந்தால் இருக்கட்டும் என்று சொல்லும் பிள்ளைகளை நம்பி உலகம் எப்படி ஓடுகிறது என்பது எனக்கு இன்று வரை விளங்கவில்லை. இதில் இன்னொரு வேதனை, மூன்று முறை நிறம் போட மறந்தவன் நான்தான் என்று அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார். குற்றவாளியைத் தேடிப் போய் என் வீட்டு வாசலிலேயே வந்து நின்றேன். மெழுகக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "118 கெடச்சுதா?" என்றார். "செலவாயிடுச்சு" என்றேன். "பாவம்" என்றார்.

இந்த நேரத்தில்தான் பட்டறைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்திருந்தது. ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் தலைமை டாக்டரம்மா, இருபது வயோதிகர்களின் அச்சை அனுப்பி, "இருபதும் சரியா உட்கார்ந்தா இந்த வருஷம் முழுக்க எங்க வேலை உங்களுக்குத்தான். சரியில்லைன்னா வேற இடம் பார்த்துக்கறோம்" என்று சொல்லியிருந்தார். தங்கள் மகள் மூன்று வாரமாக அதே நினைப்பு. சாப்பிடும்போதுகூடத் தட்டின் விளிம்பில் விரலால் தாடை வரைந்துகொண்டிருப்பாள். அந்த இருபது பேருக்கும் எண்கள் 381 முதல் 400 வரை. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பொருத்திப் பார்ப்பது என்று ஏற்பாடு.

இங்கேதான் நான் சும்மா இருந்த சங்கை எடுத்து ஊதினேன். பெரிய ஆஸ்பத்திரி, படித்த டாக்டர்கள், அவர்கள் கண்ணில் இந்த அட்டவணை பட்டால் மூன்று ஓட்டைகளைப் பார்த்து என் மருமகளைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரு கவலை. அவர்கள் ஏன் அட்டவணையைப் பார்க்கப் போகிறார்கள் என்று இப்போது கேட்கிறீர்கள். அன்றைக்கு அதைக் கேட்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் உள்ளே மெருகு போட்டுக்கொண்டிருக்கும்போது, நான் முன் அறையில் உட்கார்ந்து, எல்லா வரிகளையும் கம்ப்யூட்டரிலேயே தனியாக ஒரு தாளில் நகல் எடுத்து, அதில் எண் கட்டத்தை மட்டும் நீக்கிவிட்டு, அட்டவணையைச் சுத்தமாகக் காலி செய்து, திரும்ப உள்ளே ஊற்றினேன். ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக வரும் என்று பார்த்தால், முதல் ஆளுக்கே 401 போட்டது! காலி செய்த பிறகும் அந்த நெடுவரிசை தன் கணக்கை மறக்கவில்லை. இவ்வளவு ஞாபகசக்தியும் இவ்வளவு பிடிவாதமும் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்தது என் மேலதிகாரியிடம்தான். விட்டேனா நான்? தேடிக் கண்டுபிடித்தேன், 'மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கு' என்று ஒரு ஏற்பாடு உள்ளே இருந்தது. மறுபடி காலி செய்து, அதை அழுத்தி, திரும்ப ஊற்றினேன். ஒன்றிலிருந்து 397 வரை, ஒரு எண் விடாமல், சிப்பாய்கள் நிற்பது போல நின்றது. என் கண்ணே கலங்கிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தை விளம்பரம் செய்யக் கூடாது என்று நினைத்தேன்.

தாங்கள் கணக்கில் கெட்டி, இந்நேரம் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்கு அது மறுநாள் பதினோரு மணி வரை தோன்றவில்லை. கம்ப்யூட்டரில் நான் எண்ணை மாற்றிவிட்டேன், சுவரில் இருக்கும் தட்டுகளுக்கு அதை யார் சொன்னது? தட்டுகள் பழைய எண்ணோடு அப்படியே இருந்தன. ஆஸ்பத்திரி ஆட்கள் அட்டவணையில் மூன்று எண் கீழே இறங்கி 378 முதல் 397 வரை வந்துவிட்டார்கள். தட்டுகள் இன்னும் 381 முதல் 400 வரைதான். திங்கள் காலை நான் புது எண்ணோடு பெயர்ச் சீட்டுகளை அச்சிட்டுக் கொடுக்க, எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு சீட்டையும் அதே எண் உள்ள தட்டாகப் பார்த்துப் பொறுப்பாக ஒட்டினார். 378, 379, 380 என்ற தட்டுகள் வேறொரு டாக்டருடையவை, அவர் செவ்வாய்க்கிழமை வந்து எடுத்துப் போவதற்காக அலமாரியில் காத்திருந்தவை. அவையும் வண்டியில் ஏறிக்கொண்டன. கடைசியில் எக்ஸ்பிரஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"சார், மூணு தட்டு மிச்சம் இருக்கே. 398, 399, 400. இதுக்குச் சீட்டே இல்ல."

"மிச்சம் இருந்தா நல்லதுதானே? ஏதாவது ஒண்ணு உடைஞ்சா மாத்திக் குடுக்க ஆகும். உஷாரா மூணு அதிகமாவே செஞ்சு வெச்சிருக்கா பாரு என் மருமகள்" என்றேன். சம்பந்தி, பல்செட்டு என்பது சட்டைப் பொத்தான் அல்ல, ஒன்று போனால் இன்னொன்று தைத்துக்கொள்ள. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தப் பதில் எனக்கு அவ்வளவு பொருத்தமாகப் பட்டது. எக்ஸ்பிரஸும் "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு அறை. சுவரோரமாக இருபது நாற்காலி, ஒவ்வொன்றின் முன்னும் சின்ன மேஜை, மேஜை மேல் தட்டுக்கு ஒன்றாக எங்கள் டப்பா. நாங்கள் கொடுத்த பட்டியல் வரிசைப்படியே நர்ஸ் எல்லாரையும் உட்கார வைத்திருந்தார். தங்கள் மகள் ஒரு ஓரமாக நின்றாள். நானும் இஸ்திரிச் சட்டையோடு பக்கத்தில். டாக்டரம்மா முதல் நாற்காலிக்கு வந்தார். அங்கே இருந்தவர் முன்னாள் லாரி ஓட்டுநர், ஆள் ஒரு லாரி அளவு. டப்பாவைத் திறந்தால் உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் போடும் அளவில் ஒரு பல்செட்டு. அவர் அதை வாயில் வைத்துக்கொண்டு, "எங்க போச்சுன்னே தெரியலை" என்றார். இரண்டாவது, ஓய்வு பெற்ற தபால்காரர். அவருக்கு அது உள்ளேயே போகவில்லை, தவறான முகவரிக்கு வந்ததுபோல வாசலிலேயே நின்றது. மூன்றாவது, தையல்கார அம்மா ஒருவர். அவருக்கு உள்ளே போயிற்று, ஆனால் வாயை மூட முடியவில்லை. முப்பத்திரண்டும் தெரிய அப்படியே உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்த அவர் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டர், இது இப்படியே இருக்கட்டும். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல இவ என்னைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரிச்சதே இல்ல" என்றார். அறையே கொல்லென்று சிரித்தது. தங்கள் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

"மூணுக்கு மூணும் தப்பு. மிச்சத்தைப் பார்க்கணுமா?" என்றார் டாக்டரம்மா. கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

"நானே ஒவ்வொண்ணையும் அளந்து பார்த்தேன் மேடம்" என்றாள் தங்கள் மகள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மூன்று. மூணுக்கு மூணு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும்தான் எனக்கு மண்டையில் அடித்தது போல விளங்கிற்று. 118, 231, 302. மிச்சம் நின்ற தட்டு மூன்று. எல்லாமே மூன்று. பேசாமல் நின்றிருந்தால், தவறு பட்டறையுடையது என்று போயிருக்கும், வாய்ப்பும் போயிருக்கும், என் நாற்காலி மட்டும் பத்திரமாக இருந்திருக்கும். ஒரு வினாடி அந்த எண்ணமும் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"டாக்டரம்மா, தப்பு இவளோடது இல்லை. நான் செஞ்சது" என்று நடு அறைக்குப் போனேன். ஓட்டை, செலவான எண், சிப்பாய் வரிசை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். டாக்டரம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. "இப்போ என்ன பண்ணணும்னு சொல்லுங்க பெரியவரே" என்றார். நான் இருபது பேரையும் பார்த்து, ஆவண அறையில் கூப்பிடும் குரலில், "எல்லாரும் எழுந்திருங்க! டப்பா அங்கயே இருக்கட்டும். ஆளாளுக்கு மூணு நாற்காலி தள்ளி உட்காருங்க, அந்தக் கடைசிப் பக்கமா!" என்று கத்தினேன்.

"இது என்ன சினிமாக் கொட்டகையா?" என்றார் ஒரு பெரியவர். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் எனக்கு இந்த ஜன்னல் பக்கம்தான் காற்று வருகிறது, நகர மாட்டேன் என்று அடம்பிடித்தார். நர்ஸ் கையைப் பிடித்து நகர்த்தினார். கைத்தடிகளும் பைகளும் துணைக்கு வந்தவர்களுமாக, சந்தையில் கடை மாற்றுவது போல இருபது பேர் நகர்ந்தார்கள். முதல் மூன்று நாற்காலி காலியானது. கடைசி மூன்று பேர் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். லாரிக்காரர் நான்காவது நாற்காலியில் உட்கார்ந்தார், முன்னால் இருந்த டப்பாவைத் திறந்து டாக்டரம்மா செட்டை வாயில் வைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். அவர் இரண்டு முறை கடித்துப் பார்த்தார். பிறகு, "இதுதான் என்னுது" என்றார், வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் மாதிரி. அடுத்து தபால்காரர், டக். தையல்கார அம்மா, டக், வாயும் மூடிக்கொண்டது, அவர் வீட்டுக்காரருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். பதினேழு பேருக்கும் பதினேழும், ஒரு இடம்கூடத் தேய்க்காமல் உட்கார்ந்தன. நின்ற மூன்று பேருக்காக எக்ஸ்பிரஸைப் பட்டறைக்கு விரட்டினோம். எனக்குத் தெரிந்து முதல் முறையாக அவர் தன் பெயருக்கு நியாயம் செய்தார், முக்கால் மணி நேரத்தில் மூன்று தட்டோடு வந்து மூச்சு வாங்கினார். அவையும் பொருந்தின. அந்த இன்னொரு டாக்டரின் மூன்று செட்டையும் மருந்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவி எடுத்து வந்தோம்.

டாக்டரம்மா கடைசியில் தங்கள் மகளிடம், "இருபதுல ஒண்ணைக்கூட நான் தேய்க்கல. இந்த மாதிரி எனக்கு நடந்ததே இல்லை. வருஷம் முழுக்க நீங்கதான் செய்யறீங்க" என்றார். என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை. நான் அதை வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் தங்கள் இளைய மகன் ஃபோனில் பேசிக்கொண்டே தன் கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார். சனிக்கிழமை நகல் ஒன்று தானாகவே எடுத்து வைத்திருந்ததாம். "அந்த நம்பரைத் தட்டுல எழுதியிருக்கோம், டாக்டர் சீட்டுல எழுதியிருக்கோம். ஒரு இடத்துல மாத்தினா மத்த இடத்துக்கு எப்படி மாமா தெரியும்?" என்று கேட்டார், கோபப்படாமல். பிறகு அந்த நெடுவரிசையைக் கொஞ்ச நேரம் தானாக எண் போடாதே என்று அடக்கி வைத்து, பழைய எண்களை ஓட்டையோடு அப்படியே கையால் உள்ளே விட்டு, 'இனிமேல் அடுத்தது 401' என்று அதற்குச் சொல்லித் திறந்துவிட்டார். 118 மறுபடி இல்லாமல் போயிற்று. என் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார். அதைக் குறித்து எனக்கு வருத்தம் இல்லை, இருந்தாலும் இரண்டு நாளில் இருக்காது.

இனி என் பயத்தைச் சொல்கிறேன். வண்டியில் திரும்பும்போது தங்கள் மகள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்து, நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், "மாமா, நாளைக்குக் காலையில உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். பட்டறைக்கு அவசரமா கிளம்பிடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். என் மகனைக் கேட்டேன், "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினான். எனக்குத் தெரியும், சம்பந்தி. அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்கிறாள். நியாயம்தான். ஆனால் அது போனால் நான் மறுபடி ஜன்னல் கம்பிக்குத்தான் போக வேண்டும், அவற்றின் எண்ணிக்கை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆகையால் தாங்கள் தயவுசெய்து, என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை, நாலு இல்லாவிட்டால் ஒன்றாவது, அவள் காதில் போட்டு வைக்க வேண்டும். நேரம் தவறாதவர், கையெழுத்து சுத்தம், தப்பை ஒப்புக்கொள்பவர் என்று சொல்லலாம். மூன்றும் உண்மை.

தாங்கள் நூறாண்டு நோயின்றி வாழவும், தங்கள் வீட்டு அடுப்பில் கஞ்சியைத் தவிர வேறு ஏதாவது வேகவும், தங்கள் பிள்ளைகள் என்னைப் பொறுத்துக்கொள்ளவும் மனமார வேண்டிக்கொண்டு,

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் விடிந்து, பேச்சும் முடிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்து எனக்கும் டீ ஊற்றினாள். "மாமா, அந்த நாற்காலிக்கு இன்னொருத்தரைக் கூப்பிடலாம்னு இருக்கேன்" என்றாள். "யாரும்மா?" என்று கேட்டது எனக்கே கேட்கவில்லை. "எங்க அப்பாவை" என்றாள்.

"நீங்க எழுந்துக்க வேண்டாம் மாமா, பக்கத்துல இன்னொரு நாற்காலி போடறேன். சும்மா வந்து உட்கார மாட்டேன்னு ரெண்டு வருஷமா பிடிவாதம். வேலை இருக்கு வாங்கன்னா, நீயே சமாளிப்பியேன்னுவார். இப்பதான் எனக்கு ஒரு காரணம் கெடச்சிருக்கு. ஆஸ்பத்திரி வேலையும் வந்தாச்சு, உங்களையும் தனியா விட முடியாது."

"நேத்து வண்டியில நீ அழுதியேம்மா" என்றேன். "முதல்ல சிரிச்சேன் மாமா. அந்தத் தையல்கார அம்மாவை நினைச்சு அடக்கவே முடியல. அப்பாகிட்ட சொன்னா எப்படிச் சிரிப்பார்னு நினைச்சேன். சிரிச்சுட்டு, ஃபோனை வெச்சுட்டு, அங்க தனியா உட்கார்ந்திருப்பாரேன்னு தோணிச்சு. அப்புறம்தான் அழுதேன்" என்றாள்.

ஆகவே, சம்பந்தி, மேலே கண்ட வேண்டுகோள் முழுவதையும் ரத்து செய்கிறேன். என்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தைகூட அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் ஃபோன் செய்து, "மாமாவைத் தனியா விட முடியலப்பா" என்று ஆரம்பித்தவுடன், "ஆமாம்மா, கடிதத்தைப் படிச்சேன், அந்த மனுஷனை நம்பி ஒரு மணி நேரம் விடக் கூடாது, நான் இன்னிக்கே கிளம்பி வரேன்" என்று சொல்லுங்கள். கொஞ்சம் கோபமாகவே சொல்லுங்கள். நான் ஃபோன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.